மடலின் முகத்தில் ஒரு பெயர், உறையில் இன்னொரு பெயர்

ஒரு சிறு பதிப்பகம் தன் மாத மின்மடலை, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் கருவியான மெயில்சிம்ப் வழியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புநர் இடத்தில் இருப்பது பதிப்பகத்தின் சொந்த டொமைன். ஆனால் அந்த மடல் பதிப்பகத்தின் சர்வர் பக்கமே போவதில்லை. மெயில்சிம்ப்பின் சர்வரில் பிறந்து அங்கிருந்தே கிளம்புகிறது.

பிறக்கும்போதே அதற்கு இரண்டு அனுப்புநர்கள். வாசகர் பார்ப்பது ஒன்று. சேராத மடல் திரும்பி வருவதற்காக உறையில் எழுதப்படுவது மற்றொன்று. அது மெயில்சிம்ப்பின் டொமைன். இந்த ஏற்பாடு 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் நெறிமுறையிலேயே உண்டு. எழுதிய பெயர் உண்மைதானா என்று பார்க்க மட்டும் அதில் வழியில்லை. ஆய்வுக்கூடங்களை இணைத்த அன்றைய சிறு வலைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கிளம்பும் முன் மடலுக்குக் கையெழுத்து போடப்படுகிறது. உள்ளடக்கத்தையும் அனுப்புநர், பொருள் முதலிய வரிகளையும் ஹாஷ் என்ற சுருக்கக் குறியீடாக ஆக்கி, ரகசியச் சாவியால் ஒப்பமிட்டு, தலைப்பில் சேர்க்கிறார்கள். இதுதான் டிகிம். யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்த முயற்சிகள் ஒன்றிணைந்து 2007 மே மாதம் இது தரநிலையானது. கையெழுத்துக்குள் ஒரு டொமைன் பெயர் இருக்கும்: இந்த மடலுக்குப் பொறுப்பேற்பவரின் பெயர். மடலின் விதி அந்த ஒரு பெயரில்தான் இருக்கிறது என்பேன். பதிப்பகம் எதுவும் செய்யாவிட்டால் அங்கே நிற்பது மெயில்சிம்ப்பின் டொமைன். டொமைன்களின் பொது அடைவான டிஎன்எஸ்ஸில் தன் பதிவில் இரண்டு சி-நேம் வரிகளைச் சேர்த்துவிட்டால், பதிப்பகத்தின் டொமைன். கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியைத் தேடி வருபவரை மெயில்சிம்ப் வைத்திருக்கும் சாவியிடம் அனுப்பிவைப்பது அந்த வரிகளின் வேலை.

ஜிமெயில் வாசலில் முதலில் எஸ்பிஎஃப் சோதனை. இந்த ஐபி முகவரியிலிருந்து அனுப்ப, உறையில் உள்ள டொமைன் அனுமதித்திருக்கிறதா? அனுமதித்திருக்கிறது, தேர்ச்சி. பலர் இந்தத் தேர்ச்சியைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அது தவறான நிம்மதி. தேறியது மெயில்சிம்ப், பதிப்பகம் அல்ல. பதிப்பகம் தன் எஸ்பிஎஃப் வரியில் மெயில்சிம்ப்பைச் சேர்த்தாலும் இந்த மடலுக்குப் பயனில்லை, ஏனென்றால் அந்த வரியை இங்கே யாரும் படிப்பதில்லை. எஸ்பிஎஃப் அனுமதிக்கும் 10 டிஎன்எஸ் தேடல்களில் ஒன்று வீணாவதுதான் மிச்சம்.

அடுத்தது டிமார்க். 2012 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இது கேட்பது ஒன்றுதான்: தேர்ச்சி பெற்ற டொமைனும் வாசகர் காணும் டொமைனும் பொருந்துகின்றனவா? எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். நம் மடலில் எஸ்பிஎஃப் பொருந்தாது. டிகிம் ஒன்றே துணை. 2014 ஏப்ரலில் யாகூ, தன் பெயரில் வந்தும் பொருந்தாத மடல்களை நிராகரிக்கும்படி உலகுக்குச் சொன்னது. தங்கள் யாகூ முகவரியை அனுப்புநராக வைத்து இத்தகைய கருவிகளில் மடல் அனுப்பிவந்த சிறு கடைக்காரர்களும் சங்கங்களும் அப்படியே நின்றுபோனார்கள். யாகூவின் டிஎன்எஸ்ஸில் வரி சேர்க்க அவர்களுக்கு ஏது உரிமை? 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருப்பது கட்டாயம்.

வாசகர் தன் அஞ்சலைத் தானாகவே வேறு பெட்டிக்குத் திருப்பி வைத்திருந்தால் பயணம் இன்னும் நீளும். புதிய வாசலில் எஸ்பிஎஃப் பெரும்பாலும் தோற்கும், வந்த ஐபி வேறு. வழியில் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றாதவரை டிகிம் நிலைக்கும்.

பதிப்பகம் பின்னொரு நாள் கருவியை மாற்றலாம். பழைய டிஎன்எஸ் வரிகளை அப்போது யாரும் நினைப்பதில்லை. அப்படி மறந்துபோன வரிகள் சுட்டிய, காலாவதியான டொமைன்களை வாங்கி, பெரிய நிறுவனங்களின் பெயரிலேயே குப்பை மடல் அனுப்பியவர்களை 2024 பிப்ரவரியில் கார்டியோ லேப்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வுக் குழு வெளிப்படுத்தியது. சிக்கிய டொமைன்கள் 8,000க்கும் மேல். கணக்கை மூடும் அன்றே அந்த வரிகளையும் நீக்கிவிட வேண்டும்.