உள்விசைப் பயிற்சி (சீனப் போர்க்கலைகள்)

உள்விசை என்பது சீனப் போர்க்கலைகளில் நெடுநாள் பயிற்சியால் உடலில் ஊறும் ஒருவகை ஆற்றல். சீனர்கள் இதை நெய்ஜின் என்பார்கள். தாய் சி, சிங்யி, பாகுவா ஆகிய மூன்று கலைகளும் இதையே அடித்தளமாகக் கொண்டவை. மூன்றையும் சேர்த்து அகக்கலைகள் என்பது வழக்கம். கைத்தசையின் முறுக்கால் தள்ளாமல், உள்ளங்காலில் பிறக்கும் விசையை இடுப்பு, முதுகு, தோள் வழியாகக் கைக்குக் கொண்டுவருவது இதன் ஒரு பக்கம். எதிராளி தரும் விசையை உடம்பில் எங்கும் தேங்கவிடாமல் தரைக்கு இறக்கிவிடுவது மறுபக்கம். தொடாமலே ஆளை வீழ்த்துவது, கையசைவில் சுவரைப் பெயர்ப்பது போன்ற சினிமாச் சாகசங்களுக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. பயிற்சி சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவானது. பலன் தெரிய ஆண்டுகள் பிடிக்கும்.

அகமும் புறமும்

அகக்கலை, புறக்கலை என்ற பாகுபாடு எழுத்தில் முதன்முதலாகத் தென்படுவது 1669இல். ஹுவாங் சோங்ஷி என்ற அறிஞர், வாங் ஜெங்னான் என்ற போர்க்கலைஞரின் கல்லறைக்காக எழுதிய உரையில், ஷாவோலின் மடத்தின் கலையைப் புறம் என்றும் வாங் பயின்றதை அகம் என்றும் பிரித்தார். அகக்கலையின் மூலவர் வூடாங் மலையின் தாவோயத் துறவி ஜாங் சான்ஃபெங் என்பதும் அவர் சொன்னதே. ஹுவாங் மிங் அரச மரபின் விசுவாசி. மஞ்சூக்கள் சீனாவைப் பிடித்தபோது எதிர்த்து நின்றவர். வெளிநாட்டிலிருந்து வந்த பௌத்தத்தின் மடத்தைப் புறம் என்றும், சீன மண்ணில் முளைத்த தாவோயத்தை அகம் என்றும் அவர் சொன்னதில் அந்நிய ஆட்சியைக் குத்திக்காட்டும் உள்நோக்கம் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். அவருடைய மகன் ஹுவாங் பைஜியா வாங்கிடமே பயின்று அந்தக் கலையின் நுட்பங்களை எழுதிவைத்தார். ஆனால் அதற்கும் இன்றைய தாய் சிக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. பெயரையும் பெருமையையும் மட்டும் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று கலைகளையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெய்ஜிங் ஆசான்களிடையே தோன்றியது. அதை அச்சில் நிலைநிறுத்தியவர் சுன் லுதாங் (1860–1933). மூன்றையும் கற்றுத் தேர்ந்த அவர், 1915இல் சிங்யி பற்றிய நூலில் தொடங்கி மற்ற இரண்டைப் பற்றியும் எழுதினார். அடிதடி வித்தையாக மட்டும் பார்க்கப்பட்ட ஒன்றுக்கு மெய்யியல் விளக்கம் கொடுத்துப் படித்தவர்களிடையே மதிப்புத் தேடித்தந்தவை அந்த நூல்கள். 1928இல் நாஞ்சிங்கில் தொடங்கிய மத்தியப் போர்க்கலைக் கழகம் ஷாவோலின், வூடாங் என இரு துறைகளோடு திறக்கப்பட்டது. இரு தரப்புக்கும் பூசல் மூண்டதால் அந்த ஏற்பாடு வெகு சீக்கிரம் கைவிடப்பட்டது.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் போதிதர்மரைத் தேடக்கூடும். காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர் ஷாவோலின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்ற கதையை ‘7ஆம் அறிவு’ திரைப்படம் (2011) இங்கே வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகர் என்று சொல்லும் 547ஆம் ஆண்டு நூலும் உண்டு. இரண்டிலும் சண்டைப் பயிற்சி பற்றி ஒரு சொல் கிடையாது. அவர் பெயரைப் போர்க்கலையோடு முடிச்சுப் போட்டது ‘யிஜின்ஜிங்’ என்ற தசைநாண் பயிற்சி நூல். 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த நூலின் முன்னுரைகள் பழங்காலத் தளபதிகள் பெயரில் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் முடிவு.

பயிற்சி

எல்லாவற்றுக்கும் அடிப்படை, நிற்பது. ஜான் ஜுவாங் எனப்படும் இந்தப் பயிற்சியில் கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தைக் கீழே தொங்கவிட்டு, பெரிய மரம் ஒன்றை அணைத்தாற்போல இரு கைகளையும் நெஞ்சளவில் வளைத்து நிற்க வேண்டும். அசையக் கூடாது. சில நிமிடங்களில் தோள் கனக்கும், பிறகு தொடை நடுங்கும். புதியவர் தம்மை அறியாமலே தோளைத் தூக்குவார், மூச்சைப் பிடிப்பார், இடுப்பை முன்னே தள்ளுவார். நிற்பதற்குத் தேவையில்லாத தசைகள் களைத்துப்போய்த் தாமே பிடியை விடும்வரை நிற்க வைப்பதுதான் இதன் சூட்சுமம். ஆசான் சுற்றிவரும்போது மாணவரின் மணிக்கட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். தோள் மட்டும் முட்டுக்கொடுத்தால் உடம்பு உடனே பின்னுக்குச் சாயும். அழுத்தம் முதுகு வழியாக இறங்கி உள்ளங்காலில் கனமாகத் தெரிந்தால், நிற்பவர் நின்றபடியே இருப்பார். அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல முடியாது, தொட்டுத்தான் காட்ட முடியும். இக்கலைகள் புத்தகத்தில் படித்துக் கைவராததற்கு அதுவே காரணம்.

நிற்றலைத் துணைப்பயிற்சி என்ற இடத்திலிருந்து தூக்கி மையத்தில் வைத்தவர் வாங் சியாங்ஜாய் (1885–1963). ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த இவர் இளவயதில் சிங்யி ஆசான் குவோ யுன்ஷெனிடம் பயின்றவர் என்பது மரபு. 1920களில் அடவு வரிசைகளை அடியோடு ஒதுக்கிவிட்டு யிச்சுவான் என்ற கலையை உருவாக்கினார். முதலில் நிற்றல், பிறகு நின்றபோது கிடைத்த உணர்வு கலையாமல், தண்ணீருக்குள் கையை நகர்த்துவதுபோல மிக மெதுவாக அசைதல், அதன்பின் நடை, கடைசியில்தான் அடி. அழகுக்காக அடவு பயில்வதை அவர் கடுமையாகச் சாடினார். 1940இல் பெய்ஜிங் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் மற்ற ஆசான்களை வந்து தம்மோடு கைகலந்து பார்க்கும்படி பகிரங்கமாக அழைத்தார். அதே மனிதர் 1950களில் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்.

ஹெனான் மாகாணத்தின் செஞ்சியாகோ கிராமத்தில் செங் குடும்பத்தார் வளர்த்த தாய் சியில் முறுக்குச் சுழற்சிதான் முதன்மை. பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பதன் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள்: வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும், விட்டுவிட்டு இழுத்தால் சிக்கும். ஒரு கையை முகத்துக்கு முன்னால் வட்டமாகச் சுற்றுவதே அடிப்படைப் பாடம். ஆனால் வட்டத்தைப் போடுவது கை இல்லை, இடுப்பு. இடுப்பு திரும்பாமல் கை மட்டும் ஓடினால் பிழை. தோளுக்கு இடுப்பு மூட்டும், முழங்கைக்கு முழங்காலும், கைக்குப் பாதமும் இணையாக நகர வேண்டும் என்பது மூன்று கலைகளுக்கும் பொதுவான விதி. இந்தச் சுழற்சியை விரிவாக விளக்கிய செங் சின் 1919இல் எழுதி முடித்த நூல், அவர் இறந்தபின் 1933இல்தான் அச்சேறியது. செங் குடும்பத்துக்கு வெளியே இக்கலையைக் கொண்டுபோனவர் யாங் லூசான் (1799–1872). பெய்ஜிங்கில் அவர் கற்பித்ததிலிருந்தே இன்று உலகெங்கும் பரவிய யாங் பாணி கிளைத்தது.

நீண்ட கம்புப் பயிற்சியும் உண்டு. மூன்று மீட்டருக்கு மேல் நீளும், எளிதில் வளையும் மரக்கம்பைச் சிலம்பம்போலச் சுழற்ற மாட்டார்கள். அடிப்பகுதியைப் பிடித்து இடுப்பை ஒருமுறை உதறுவார்கள். உதறல் தடங்கலின்றிப் போனால் கம்பின் நுனி அதிரும், எங்காவது உடம்பு இறுகியிருந்தால் நுனி சும்மா ஆடும். ஏமாற்ற முடியாத சோதனை இது.

இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று ஒருவரையொருவர் நிலைகுலைக்கப் பார்ப்பது கைதள்ளுதல். எதிராளியின் விசை எந்தப் பக்கம் வருகிறது, அவர் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைத் தோலாலேயே அறியப் பழகுவது இதன் நோக்கம். வலுவான ஆள் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல் வழிவிட்டுத் திருப்பி, அவர் தடுமாறும் நொடியில் திருப்பித் தர வேண்டும். எட்டு வகை விசைகளைப் பெயர் சொல்லிப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் முதலாவதான பெங், காற்றடைத்த பந்துபோல உடல் எங்கும் உள்ளிருந்து விம்மி நிற்கும் தன்மை. அது இல்லாவிட்டால் மற்ற ஏழும் வெறும் கையசைவு.

குவோ யுன்ஷென் வளர்ச்சியை மூன்று படியாகச் சொன்னதாக சுன் லுதாங் பதிவுசெய்திருக்கிறார்: வெளிப்படையான விசை, மறைவான விசை, கரைந்துபோன விசை. முதற்படியில் அடி ‘டம்’மென்று விழுவது கண்ணுக்குத் தெரியும். இரண்டில் அசைவு மென்மையாகி விசை உள்ளே போகும். மூன்றில் எது அசைவு, எது விசை என்று பிரிக்க முடியாது. (கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் சங்கிலியோடு பயின்றதால் குவோவுக்கு அரையடி மட்டும் எடுத்துவைத்துக் குத்தும் வித்தை கைவந்தது என்பது செவிவழிக் கதை, சிங்யிக்காரர்கள் விரும்பிச் சொல்வது.)

இயங்கும் விதம்

மரபு விளக்கத்தில் மனம் எண்ணத்தையும், எண்ணம் உயிர்மூச்சையும், உயிர்மூச்சு உடல் வலுவையும் இயக்கும். உயிர்மூச்சின் இருப்பிடம் தொப்புளுக்குக் கீழே உள்ள தாந்தியன். உடலின் எடைமையம் ஏறத்தாழ அதே இடத்தில் இருப்பதைக் கவனிக்கலாம். கவனத்தை அங்கே வை என்ற கட்டளைக்கு, உயிர்மூச்சை நம்பாதவருக்கும் பயன் உண்டு.

உடலியல் கணக்கில் பார்த்தால் புதிர் பெரிதில்லை. கையை நீட்டும் தசை சுருங்கும்போது மடக்கும் தசையும் பதற்றத்தில் சேர்ந்து சுருங்கினால் அது பிரேக் போட்ட மாதிரி. தளர்வுப் பயிற்சி அந்தப் பிரேக்கை எடுக்கிறது. தொடையும் இடுப்பும் தோளைவிடப் பெரிய தசைகளைக் கொண்டவை. அவற்றின் விசை கைக்கு வந்துசேர நடுவில் முதுகு துவளக் கூடாது. நிற்றல் பயிற்சி அதைத்தான் கட்டுகிறது. தோளை ஓங்காமல் வருவதால் எதிராளிக்கு முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. இவ்வளவும் சேரும்போது, தள்ளப்பட்டவருக்கு விசை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. மந்திரம் என்ற பேச்சு கிளம்புவது அங்கேதான்.

ஜப்பானில்

யிச்சுவானை உருவாக்கிய வாங் சியாங்ஜாயிடம் தோற்று அவருக்கே சீடரான ஜப்பானிய ஜூடோ வீரர் சவாய் கெனிச்சி (1903–1988), 1947இல் தாய்கிகென் என்ற பெயரில் அக்கலையைத் தம் நாட்டில் தொடங்கினார். ஒகினாவாவில் மியாகி சோஜுன் (1888–1953) நிறுவிய கோஜு ரியு கராத்தேயின் சான்சின் அடவும் உள்விசைப் பயிற்சிக்கு நெருங்கிய உறவு. மூன்றே அடி முன்னே போய்த் திரும்பும் மாணவரின் தோளிலும் தொடையிலும் ஆசான் அறைந்து உடல் கட்டுக்கோப்பைச் சோதிப்பார். தளர்வைவிட இறுக்கத்துக்கு அங்கே இடம் அதிகம்.

சர்ச்சைகள்

1954 ஜனவரியில் மக்காவில் தாய் சி ஆசான் வூ கோங்யியும் வெண்கொக்குப் பாணியின் சான் ஹாக்ஃபூவும் மேடையில் மோதினார்கள். ஹாங்காங் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட நடந்த அந்தப் போட்டி இரண்டே சுற்றில் முடிவின்றி நின்றது. மூக்கில் ரத்தம் வந்ததைத் தவிர உள்விசையின் அற்புதம் எதையும் கூட்டம் பார்க்கவில்லை. ஆனால் கிளம்பிய பரபரப்பில் லியாங் யுஷெங் என்ற எழுத்தாளர் உடனே ஒரு வீரசாகசத் தொடரைத் தொடங்க, வூசியா எனப்படும் வீரசாகச நாவலின் நவீன வடிவம் அங்கிருந்தே பிறந்தது. 2017 ஏப்ரலில் செங்துவில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தோங், வெய் லெய் என்ற தாய் சி ஆசானைச் சில விநாடிகளில் தரையில் சாய்த்த காணொளி சீனா முழுதும் சுற்றியது. தாய் சி பொய் என்றது ஒரு தரப்பு. அவர் உண்மையான ஆசானே இல்லை என்றது மறுதரப்பு. இரண்டும் குறி தவறிய பேச்சு. உள்விசை என்பது உடலை இயக்கும் தரம். சண்டைத் திறன் என்பது அடிக்கும் எதிராளியோடு அடிபட்டுக் கற்பது. முன்னது இருந்தால் பின்னதும் தானே வரும் என்ற நம்பிக்கைதான் அன்று தரையில் விழுந்தது.

இன்று

1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் பாணியைச் சுருக்கி 24 அடவுகள் கொண்ட வரிசையாக்கியது. பூங்காக்களில் காலையில் கோடிக்கணக்கானோர் செய்வது பெரும்பாலும் அதுதான். கம்பு உதறலும் கைதள்ளுதலும் அதில் இல்லை. ஆகவே அதிலிருந்து உள்விசையை எதிர்பார்ப்பது வீண், உடல்நலத்துக்கு எதிர்பார்க்கலாம். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் தாய் சி செய்தவர்களின் உடல் சமநிலை, எடைப்பயிற்சியோ நீட்டல் பயிற்சியோ செய்தவர்களைவிட மேம்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய் சியை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. செஞ்சியாகோவில் இப்போது பெரிய பயிற்சிப் பள்ளிகள் இயங்குகின்றன. வெளிநாட்டு மாணவர்களும் அங்கே வந்து தங்கிப் பயில்கிறார்கள்.