சப்பிரகமுவத் தோட்டங்களில் நெஞ்செரிச்சல்: ஒரு வரலாற்று நோக்கு

மலையக மக்களின் வரலாற்றை எழுதுவோர் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் குறித்துவைப்பர். நாள்தோறும் உடலை அரிக்கும் நோய்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ‘வாய்வு’ என்றும் ‘கேஸ்டிக்’ என்றும் வழங்கும் நெஞ்செரிச்சல் அத்தகையதொன்றாகும். அதன் வரலாற்றையும், அது அஞ்சத்தக்கதாக மாறுவதை அறியும் வகையையும் இங்கு நோக்குவோம்.

தமிழ் மருத்துவம் இதனை முன்பே அறிந்திருந்தது. சித்த மருத்துவர் வகுத்த எண்வகைக் குன்மங்களுள் எரிகுன்மமும் ஒன்று. உண்டது செரித்தபின் உண்க என்பதே திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வற்புறுத்தும் நெறி. மேனாட்டில், இரைப்பையிற் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என 1824இல் வில்லியம் புரௌட் வெளியிட்டார். அவ்வமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குவதை 1935இல் அஷர் விங்கெல்ஸ்டீன் விளக்கினார். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசைவளையம் தளர்வதே இந்நோய்க்குத் தலையாய காரணம்.

தோட்ட வாழ்வு இத்தளர்ச்சிக்கு இடமளிப்பதாகவே அமைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலையும் இறப்பரும் இப்பகுதியிற் பரவின. பால்வெட்டுவோர் விடியுமுன்னே எழுந்து, சாயத்தண்ணீருடன் மலையேறினர். மரத்தின் அடிப்பட்டையை வெட்டக் குனிந்தனர். கோதுமை ரொட்டியும் காரச் சம்பலும் பசியாற்றின. இரவிற் பிந்தி உண்டு, உடனே லயத்தின் தரையிற் சாய்ந்தனர். வயிறு நிறைந்தபின் குனிதலும் படுத்தலும் அமிலத்தை மேலேற்றும். வெற்றிலையோடு சேரும் புகையிலையும் மதுவும் தசைவளையத்தை மேலும் தளர்த்தும்.

கோப்பி மாவட்டங்களுக்கென 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தொழிலாளிக்கு எளிதிற் கிட்டியது தோட்டத்து மருந்தகமே. அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் 1976இலும், ஒமிப்ரசோல் 1988இலும் மேனாட்டிற் பயன்பாட்டுக்கு வந்தன. இன்று இவ்வகை மாத்திரைகள் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆயின் எரிச்சல் தணிவது நோய் நீங்கியதாகாது. மாத்திரை புற்றுநோயின் தொடக்கக் குறிகளையும் மறைத்துவிடக்கூடும்.

எனவே அபாயக் குறிகளை நாம் தெளிவாக அறிதல் வேண்டும். விழுங்குங்கால் உணவு தடைப்படல் அல்லது நோதல், காரணமின்றி உடல் மெலிதல், ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தார்போன்ற கருமலம், சோகை ஆகியன அவை. வெற்றிலைச் சிவப்பில் இரத்தம் மறையும். இரும்புச்சத்து மாத்திரை உண்போர்க்கும் மலம் கறுக்கும். ஆயினும் அதுவே காரணமெனத் தாமே முடிவுசெய்தல் தகாது. மார்பை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் தோன்றின் அது மாரடைப்பாகலாம். ‘வாய்வு’ எனக் காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். வாரம் இருமுறைக்கு மேலாகப் பல வாரங்கள் தொடரும் எரிச்சலும் மருத்துவரிடம் காட்டத்தக்கதே.

படுக்குமுன் மூன்றுமணி நேரம் உண்ணாதிருத்தலும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்து அரையடியளவு உயர்த்தலும் பயன்தரும். புகையிலையை விடுதல் இன்றியமையாதது.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிர்வாகங்கள் மாறினும், நகர மருத்துவமனைக்குச் செல்லும் நாட்கூலித் தொழிலாளி அன்றைய பெயரை இழக்கும் நிலை தொடர்ந்தது. பொறுத்துக்கொள்ளல் அவருடைய இயல்பன்று. அவர்மீது சுமத்தப்பட்ட கட்டாயமாகும். ‘வாய்வுதான்’ என்ற ஒரு சொல்லுள் எத்தனை நோய்கள் மறைந்தன என்பதை ஆராய்வதும் மலையக வரலாற்றாய்வின் கடனே எனலாம்.