கணினி தன் பெயரை மறந்தபோது

மின்சாரம் கிடைத்ததும் இயங்குதளத்துக்கு முன்பாகவே கணினியில் விழித்துக்கொள்வது ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள். அதனோடு மனிதர் உரையாடிய வரலாற்றில் 1989 முக்கியமான ஆண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணினியில், மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன்பூட் இடம்பெற்றது. சார்லஸ் மூர் வகுத்த ஃபோர்த் மொழியே அதன் அடித்தளம்.

ஃபோர்த்தின் வழக்கப்படி 'ஓகே' என்ற சொல் திரையில் காத்திருக்கும். 'பிரின்ட்என்வ்' என்று தட்டினால் மாறிகளின் இப்போதைய மதிப்பும் இயல்பு மதிப்பும் அருகருகே தெரியும். 'செட்என்வ்' அவற்றை மாற்றும். எந்த வட்டிலிருந்து இயங்குதளத்தை ஏற்றுவது, தானாக ஏற்றுவதா, காத்திருப்பதா என்பனவெல்லாம் பெயருள்ள மாறிகளாயின. 1994இல் இம்முறை ஐஇஇஇ 1275 என்னும் தரமாயிற்று. ஆப்பிளின் பவர் மேக் கணினிகளும் இதை ஏற்றன.

ஆனால் அம்மாறிகள் குடியிருந்த நினைவகச் சில்லுக்கு உயிரூட்டியது, அதனுள்ளேயே மூடி வைக்கப்பட்ட சிறு மின்கலம். ஆண்டுகள் கடந்து அது தீர்ந்தபோது அழிந்தவை அமைப்புகள் மட்டுமல்ல. கணினியின் ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட்ஐடி என்னும் அடையாள எண்ணும் அதே சில்லில்தான் இருந்தன. அவ்வெண்ணோடு உரிமம் பிணைக்கப்பட்டிருந்த மென்பொருள்கள் இயங்க மறுத்தன.

பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்கள், சில்லை மாற்றியபின் அதே 'ஓகே' திரையில் பைட்டு பைட்டாக எழுதி அடையாளத்தை மீட்டனர். மீட்க வழி இருந்த இடத்தில் போலி செய்யவும் வழி இருந்தது. உரிமத்தின் பூட்டு என்று நம்பப்பட்டது, விசைப்பலகை கைக்கெட்டிய எவரும் மாற்றி எழுதக்கூடிய சில பைட்டுகளே.