விசிறி புகுந்த கதை

விளையாட்டுக்கென வீட்டில் வைத்திருக்கும் கணிப்பொறியை முடுக்கிவிட்டால், சற்று நேரத்தில் ‘உஸ்’ என்றோர் இரைச்சல் எழுவதை வாசகர்கள் கேட்டிருப்பர். அவ்வொலி கணக்கிடும் சில்லிலிருந்து வருவதன்று. சில்லு ஊமை. அதன் சூட்டைத் தணிக்கச் சுழலும் விசிறிகளே இரைகின்றன. ஆகவே கணிப்பொறி இரைச்சலின் வரலாறு என்பது உண்மையில் வெப்பத்தின் வரலாறே ஆகும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மண்ணூர் போன்ற ஊர்களில் இதை ஆடம்பரக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒரே வாடகை அறையில் நான்கைந்து பேர் தங்குகின்றனர். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் உறங்கியாக வேண்டும். அன்று விடுமுறையில் இருப்பவரோ விளையாட விரும்புகிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகையில் எதை வாங்குவது, எதை விடுவது? இதைத் தீர்மானிக்க, விசிறி கணிப்பொறிக்குள் எப்படிப் புகுந்தது என்பதை அறிவது நல்லது.

1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரத்தை விழுங்கியது. அவ்வளவும் இறுதியில் வெப்பமாகவே வெளிவந்தது. அதை ஊதித் தள்ளப் பெரிய காற்றூதிகள் தேவைப்பட்டன. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் பொறியிலும் சுமார் 2,700 குழல்கள் இருந்தன. அக்காலத்துக் கணிப்பொறிக் கூடங்களில் குளிர்சாதனம் பொறியாளருக்காக அன்று, பொறிக்காகவே வைக்கப்பட்டது.

டிரான்சிஸ்டரும் அதன் பின் நுண்சில்லும் வந்து இந்நிலையை மாற்றின. வீட்டுக்குள் நுழைந்த முதல் கணிப்பொறிகளில் பல விசிறியே இல்லாதவை. 1982இல் பிரிட்டனில் வெளியான ஸ்பெக்ட்ரம் பொறி, 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், ஓசையே இன்றி வேலை செய்தது. 1980களின் பிற்பகுதியில் அதை இந்தியாவில் விற்ற நிறுவனத்தின் பெயர் ‘டெசிபல்ஸ்’ என்பது வேடிக்கை! 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ பொறியிலும் விசிறி கிடையாது. அதே ஆண்டு அப்பொறிக்கென வெளிவந்த ‘எலீட்’ என்னும் விண்வெளி விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. ஓசையற்ற விளையாட்டுக் கணிப்பொறி புதிய கனவன்று. நாம் இழந்துவிட்ட ஒன்று.

மௌனத்தை வலிந்து வரவழைக்க முயன்று சூடுபட்டவர்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறி ஓசை அறவே பிடிக்காது. 1980இல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் III பொறியில் விசிறி வைக்கவில்லை. கனமான அலுமினிய அடிப்பகுதியே வெப்பத்தை வெளியேற்றிவிடும் என நம்பினர். ஆனால் சில்லுகள் தம் குழிகளில் சரியாகப் பொருந்தி நிற்கவில்லை; தளர்ந்து மேலெழும்பின. பொறியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் ‘தொப்’பென்று போட்டால் அவை மீண்டும் பொருந்திக்கொள்ளும் என்று வாங்கியவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டதாம். முதலில் விற்ற சுமார் 14,000 பொறிகளை மாற்றித் தர நேர்ந்தது. இதற்கு மாறாக, 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி., 63.5 வாட் மின்வழங்கியிலேயே ஒரு விசிறியை வைத்துக்கொண்டது. இரைந்தது, ஆனால் நிலைத்தது. இன்றைய மேசைக் கணிப்பொறிகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

அப்போதும் சில்லின் தலைமேல் விசிறி ஏறவில்லை. 1974இல் ஐ.பி.எம். ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் ஓர் உண்மையை விளக்கினர். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு கூடாது. ஆனால் 1980களில் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலேயே நிற்க, வேகம் மட்டும் ஏறியது. 1993இல் பென்டியம் வந்த பின், அலுமினிய இதழ்களும் அவற்றின்மேல் சிறு விசிறியும் வழக்கமாகிவிட்டன. பின்னர் மின்னழுத்தமும் இறங்கிற்று. ஆனால் மிகச் சிறிய டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதும் மின்னோட்டத்தைக் கசியவிட்டன. 2004இல் வந்த பென்டியம் 4 சில்லுகள் சில 115 வாட்டை எட்டின. நான்கு கிகாஹெர்ட்ஸ் சில்லைக் கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் அவ்வாண்டு அக்டோபரில் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டியோ, இரண்டு கருக்களைக் கொண்டிருந்தும் 65 வாட்டிலேயே வேலையை முடித்தது.

கிராபிக்ஸ் கார்டின் கதையும் இதே போன்றதுதான். 2003இல் என்விடியா வெளியிட்ட எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ராவின் விசிறி, தூசி உறிஞ்சும் இயந்திரம் போல இரைந்தது. அந்நிறுவனமே தன்னைக் கேலி செய்து ஒரு படம் எடுத்து வெளியிட்டது. இப்பெருந்தன்மை எல்லோருக்கும் வராது!

இதற்கிடையே நம் நாட்டிலும் மாற்றங்கள் நேர்ந்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணிப்பொறிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. (அவர் 1991 மே 21 அன்று உயிரிழந்ததும் இதே ஸ்ரீபெரும்புதூரில்தான்.) 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டினால் 2005க்குள் கணிப்பொறிகள் மீதான சுங்கவரி நீங்கியது. வானொலி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த சென்னை ரிச்சி தெரு, கணிப்பொறிப் பாகங்களின் சந்தையாயிற்று. 2007இல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கி, முழுக் கணிப்பொறிகளையே இங்கு தயாரித்தது. ஆயினும் விளையாட்டுப் பிரியர், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதையே விரும்புகிறார்.

அவர் முதலில் பார்க்க வேண்டிய எண், வேகமன்று, வாட். என்விடியாவின் ஒரே தலைமுறையில் 450 வாட் கேட்கும் 4090 கார்டும் உண்டு, 115 வாட்டில் அடங்கும் 4060 கார்டும் உண்டு. முன்னதை அமைதிப்படுத்தப் பெருஞ்செலவாகும். பின்னதற்கு அது எளிது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. 300 வாட் வழங்கும்போது 80 சதவீதத் திறனுள்ளது 75 வாட்டை வெப்பமாக்கும். 90 சதவீதத் திறனுள்ளது 33 வாட்டையே வீணாக்கும். கண்ணாடியும் வண்ண விளக்கும் பொருத்திய கேபினெட்டுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே திருப்பலாம். முகப்பில் வலை உள்ள எளிய கேபினெட்டே காற்றுக்கு வழிவிடும்.

விசிறியில் பெரியதே நல்லது. 80 மில்லிமீட்டர் விசிறி தள்ளும் காற்றை, அதே வடிவமைப்பிலான 120 மில்லிமீட்டர் விசிறி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தில் தள்ளிவிடும். சுழல்வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 300 வாட் வெப்பத்தை, காற்றின் சூடு 10 பாகை மட்டுமே ஏறும்படி வெளியேற்ற, வினாடிக்கு 25 லிட்டர் காற்று போதும். மெல்லச் சுழலும் இரண்டு மூன்று பெரிய விசிறிகள் இதைச் செய்துவிடும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. சில்லின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மென்பொருள் மூலம் அழுத்தத்தை 10 சதவீதம் குறைக்க முடிந்தால் செலவு ஏறக்குறைய 19 சதவீதம் இறங்கும். திரை வினாடிக்கு 60 படங்களையே காட்டுமானால், கார்டு 150 படங்களை வரைவது வீண் சூடு. அதற்கு வரம்பு கட்டிவிடலாம்.

இவ்வளவு செய்தாலும், எந்த விசிறியும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் சில்லை வைக்க இயலாது. குளிர்நாட்டு அறையில் சோதித்து ‘ஓசையற்றது’ என்று எழுதப்பட்ட கேபினெட், சித்திரை வெயிலில் தகர அட்டைக் கூரையின்கீழ் அதே சொல்லைக் காப்பாற்றாது. லாரிகள் ஓயாது ஓடும் நம் சாலையோரங்களில் புழுதியும் சேர்ந்துவிடும். மாதம் ஒருமுறை வடிகட்டி வலையைக் கழற்றித் தட்டி, கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்துப் பாருங்கள். அடுத்த கட்டிலில் உறங்குபவருக்கே வித்தியாசம் தெரியும்.