தட்டியவர் வாசித்தவரா?

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். முன்பே பதிவாகிக் கிடக்கும் குழலோசையையும் செல்லோவையும் எடுத்துக் கணினியில் ஒருவர் கோத்தால், அது இந்த இரண்டில் எந்த வாசிப்பு? மேலைநாட்டில் விருதுக் குழு இதற்கு ஒரு விடை சொன்னது. தொழிற்சங்கம் வேறொன்று சொன்னது.

1963இல் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரான் என்ற கட்டைக்கருவியில் சிக்கல் தொடங்கியது. அமெரிக்கர் ஹாரி சேம்பர்லினின் கருவியை ஒட்டிச் செய்யப்பட்டது அது. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா. கட்டையை அழுத்தினால், யாரோ ஒரு கலைஞர் என்றோ வாசித்த ஒற்றை ஸ்வரம் சுமார் 8 நொடி ஒலிக்கும். பிறகு நாடா தீர்ந்துவிடும். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' (1967) இந்தக் குழலோசையோடுதான் தொடங்குகிறது. கட்டைகளை அழுத்தியவர் பால் மெக்கார்ட்னி. மூச்சைக் கொடுத்தவரை யாரும் நினைப்பதில்லை.

அங்கே விரலாவது இருந்தது. 1979இல் சிட்னியிலிருந்து வந்த ஃபேர்லைட் என்ற கருவி ஒலியை எண்களாக்கிச் சேமித்தது. 1983இல் மிடி என்ற பொதுத் தொடர்பு முறை வந்தபின் அதை ஏற்கும் எந்தக் கருவிக்கும் ஸ்வரங்களை எழுதி அனுப்பலாம் என்றானது. வாசிப்பவர் எதிரே இருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று.

இந்த நிலையில்தான் இசையமைப்பாளர் ஃபிராங்க் ஜாப்பாவின் 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்' இசைத்தொகுப்பு (1986) வெளிவந்தது. ஒரே ஒரு கிதார் பதிவு நீங்கலாக, தொகுப்பு முழுவதும் சின்கிளாவியர் என்ற கணினிக் கருவியில் உருவானது. 1988இல் அதற்குக் கிராமி கிடைத்தது. சிறந்த ராக் கருவியிசை 'நிகழ்த்தலுக்கான' விருது! வெண்டி கார்லோஸும் 1970இல் பாக் இசைக்காகச் செவ்விசைத் தனிக்கலைஞர் விருது பெற்றிருந்தார். ஆனால் மூக் சிந்தசைசரில் ஒவ்வொரு இழையையும் தம் கையால் வாசித்து அடுக்கியவர் அவர். இரண்டும் ஒன்றல்ல. கிராமிக் குழு அந்த வேறுபாட்டைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

எண்ண வேண்டியிருந்தவர்கள் கூலி வாங்குபவர்கள்தான். அரங்கில் வாசிப்போர் எண்ணிக்கையைக் குறைப்பதை எதிர்த்து, 2003 மார்ச்சில் நியூயார்க் பிராட்வே அரங்குகளின் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பதிவிசை இயந்திரத்தை வைத்துக் காட்சிகளை நடத்திவிடலாம் என்று தயாரிப்பாளர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் உள்ளே போக மறுத்ததால் இசை நாடகங்கள் நின்றன. நான்கு நாளில் உடன்பாடு வந்தது: பெரிய அரங்குகளில் குறைந்தது 24 முதல் 26 இசைக்கலைஞர்கள் என்றிருந்தது 18, 19 என இறங்கியது.

அந்த வகை இயந்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நடத்துநரின் கையைப் பார்த்து ஒருவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விசையைத் தட்டுவார். ஸ்வரம் முன்பே பதிவானது. காலப்பிரமாணம் அந்த நொடியில் பிறப்பது. பாடகர் மூச்சை நீட்டினால் தட்டுபவரும் காத்திருக்க வேண்டும். அவரை நிகழ்த்துபவர் அல்ல என்று தள்ளிவிட முடியாது.

இந்தியச் சட்டத்தின் விடையும் காலத்தைத்தான் பற்றி நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவர் பட்டியலில் இசைக்கலைஞரோடு பாம்பாட்டியையும் சேர்க்கிறது. ஆனால் நிகழ்த்தல் என்பது நேரடியாக நிகழ வேண்டும் என்கிறது. திரையில் ஸ்வரப்புள்ளிகளை நகர்த்திப் பாதி இரவு திருத்திக்கொண்டிருப்பவருக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

அதில் இழிவு ஏதுமில்லை. மெக்சிகோ நகரில் தானியங்கிப் பியானோவுக்கான காகிதச் சுருள்களைக் கையால் துளையிட்டுக்கொண்டிருந்த கான்லன் நான்காரோவை யாரும் பியானோக் கலைஞர் என்று சொல்வதில்லை. பெரிய இசையமைப்பாளர் என்றே சொல்கிறார்கள். மாதிரி ஒலிகளைக் கோப்பவரும் அந்த வரிசைதான். அவர் எழுதுகிறார். அவருக்காக வாசித்தவர்கள் முன்பே வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜாப்பாவின் அந்தத் தொகுப்பில் 'ஜி-ஸ்பாட் டொர்னாடோ' என்றொரு துண்டு இருக்கிறது. மனித விரல்களுக்கு எட்டாது என்று கருதப்பட்டது. 1992இல் ஃபிராங்க்பர்ட்டில் என்சம்பிள் மாடர்ன் குழுவினர் அதை மேடையில் வாசித்துக் காட்டினார்கள்.