மூச்சு வாங்கிய கோச்!

1962, டிசம்பர் மாதம். நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரம். அங்கே கார்ன்வால் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. ஒரு கூட்டம் ஓடுவதற்காகக் கூடியிருக்கிறது. ஓட்டப்பந்தய வீரர்களா? ஊஹும். தொந்தி விழுந்த வியாபாரிகள், நடுத்தர வயதுப் பெண்கள், தலை நரைத்த தாத்தாக்கள்.

அவர்களோடு ஓர் அமெரிக்கரும் நின்றார். பெயர், பில் பவர்மேன். வயது 51. ஒரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளக் கோச். லேசுப்பட்ட ஆசாமி இல்லை. ஆளுக்கு ஒரு மைல் வீதம் நாலு பேர் ஓடுகிற ரிலேவில், நியூஸிலாந்து வைத்திருந்த உலக சாதனையை அந்த வருடம்தான் அவருடைய சிஷ்யப்பிள்ளைகள் முறியடித்திருந்தார்கள். அந்தப் பையன்களைக் கூட்டிக்கொண்டுதான் நியூஸிலாந்துக்கு வந்திருந்தார்.

'இந்தக் கூட்டத்தோடு ஓடுவதா பெரிய விஷயம்?' என்று யாருக்கும் தோன்றும். ஓட ஆரம்பித்தார் பவர்மேன். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒன் ட்ரீ ஹில் என்ற குன்றின் மேட்டில் ஏறியதும் வந்தது வினை. மூச்சு முட்டியது. கால் கெஞ்சியது. கூட்டம் மொத்தமும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் பாவம் பார்த்து வேகத்தைக் குறைத்து, கூடவே பேசிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவருக்கு ஏற்கெனவே பலமுறை ஹார்ட் அட்டாக் வந்திருந்தது!

வருடக்கணக்கில் மைதானத்தின் ஓரத்தில் ஸ்டாப் வாட்சோடு நின்று, அடுத்தவர்களை ஓடவிட்டுப் பார்த்தவர் அவர். 'நாம ஃபிட்டாத்தான் இருக்கோம்' என்ற நினைப்பு ஒரே நாளில் காலி.

பவர்மேனை இந்த ஓட்டத்துக்கு அழைத்தவர் ஆர்தர் லிடியார்ட். அவரும் ஒருகாலத்தில் இப்படி மூக்குடைபட்டவர்தான். செருப்புத் தொழிற்சாலையில் வேலை. ரக்பி ஆடிய உடம்பு. முப்பதைத் தொடாத வயதில், தன்னைவிட மூத்த ஒருவரோடு ஐந்து மைல் ஓடப் போனார். நாக்கு தள்ளிவிட்டது. 'இப்பவே இப்படின்னா இன்னும் இருபது வருஷம் கழிச்சு என் கதி என்ன?' என்று பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் யோசனை கேட்கவில்லை. தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கி, மெதுவாக, ஆனால் நீண்ட தூரம் ஓடிப் பார்த்தார். அதே முறையில் ஆக்லாந்துப் பையன்களைத் தயார் செய்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ். செப்டம்பர் 2-ம் தேதி பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம்; அன்றைக்கே மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம். இரண்டு பேருமே லிடியார்டின் மாணவர்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்படிப்பட்டவர் அடுத்து கை வைத்தது யார்மீது தெரியுமா? நோயாளிகள்மீது!

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவருக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த முதல் மருந்து, ஓய்வு. வாரக்கணக்கில் படுக்கை. அப்புறம் ஆயுசு முழுக்க 'படியேறாதே, பாரம் தூக்காதே' என்ற எச்சரிக்கை. இதற்கு எதிரான ஆதாரம் மெதுவாகத்தான் சேர்ந்தது. ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் ஒரு முடிவை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே டெப்போ, ஒரே பஸ். வித்தியாசம் அந்தப் படிக்கட்டுதான்.

ஆக்லாந்தில் லிடியார்டின் பேச்சைக் கேட்டவர்களில் சில இதய நோயாளிகளும் இருந்தார்கள். பயந்து பயந்து நடக்க ஆரம்பித்தவர்கள், பிறகு கொஞ்சம் ஓடினார்கள். ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் பிறந்தது. முதலிடம், கடைசி இடம் எதுவும் கிடையாது. விதி ஒன்றே ஒன்று. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச முடியவில்லையா? வேகம் அதிகம், குறைத்துக்கொள்!

பவர்மேன் ஆறு வாரம் அங்கே தங்கி, தினமும் ஓடினார். இடுப்புச் சுற்றளவு குறைந்து ஊர் திரும்பினார். 1963-ல் தன் ஊரான யூஜீனில், பல்கலைக்கழக மைதானத்துக்கு வரும்படி பொதுமக்களை அழைத்தார். முதலில் வந்தவர்கள் சில டஜன் பேர்தான். சில வாரங்களில் மைதானம் கொள்ளாத கூட்டம்! சந்தோஷப்பட வேண்டிய மனிதர், பயந்துபோனார். இதில் ஒருவர் சுருண்டு விழுந்து செத்தால்? எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வால்டோ ஹாரிஸ் என்ற இதய டாக்டரைத் தேடிப்போனார். இருவரும் சேர்ந்து, நடுத்தர வயதுக்காரர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'ஜாகிங்' என்ற புத்தகம். அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. ஷூ கம்பெனி நைக்கியைத் தொடங்கிய இரண்டு பேரில் ஒருவரும் இதே பவர்மேன்தான்.

ஆக்லாந்தில் விதை மரமானது. 1972-ல் கடற்கரையோரமாக 'ரவுண்ட் த பேஸ்' என்ற ஓட்டம் ஆரம்பமானது. ஜெயிப்பதற்காக இல்லை, ஜாலிக்காக. அதனால்தான் 'ஃபன் ரன்'. 1979-ல் அதில் ஓடியவர்களில் ஒருவர், ஒலிம்பிக் வெண்கலம் வென்ற பிரிட்டிஷ் வீரர் பிரெண்டன் ஃபாஸ்டர். ஆயிரமாயிரம் சாதாரண ஜனங்கள் தன்னோடு ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார். 1981-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் 'கிரேட் நார்த் ரன்'னைத் தொடங்கினார். 2014-ல் அதன் எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களின் மொத்தக் கணக்கு பத்து லட்சத்தைத் தொட்டது.

வரவைச் சொன்னால் செலவையும் சொல்லியாக வேண்டும். ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர், குண்டாக, சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர். ஓட ஆரம்பித்து இளைத்தார். 1977-ல் அவர் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கானவர்களை வீதிக்கு இழுத்தது. 1984 ஜூலை 20-ம் தேதி, வெர்மாண்ட் மாநிலத்துச் சாலையில் ஓடப்போன இடத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 52. 'பார்த்தியா, ஓடினவனே செத்துட்டான்' என்று சோம்பேறிகளுக்குக் கொண்டாட்டம்! ஆனால், அவருடைய அப்பா இதய நோயால் இறந்தது 43 வயதில். ஃபிக்ஸின் ரத்தக்குழாய்களில் பெரிய பெரிய அடைப்புகள். சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, டாக்டர் கென்னத் கூப்பரின் மையத்துக்குப் போனவர், அங்கே டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ள மறுத்திருந்தார். ஓடுகிறவனுக்கு எதற்கு டாக்டர் என்ற நினைப்பு. யூஜீனில் பவர்மேன் பயந்தது இதற்காகத்தான்.

நாற்பதைத் தாண்டி, முதல் தடவையாக ஃபன் ரன்னுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டத்தன்று வரிசையின் பின்பக்கம் நில்லுங்கள். நடுவில் நடந்தால் குற்றமில்லை. சின்னப் பையன்கள் விர்ரென்று தாண்டிப் போவார்கள், போகட்டும். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு யாராவது வந்தால், வேகத்தைக் குறைத்து நாலு வார்த்தை பேசுங்கள்.

யார் கண்டது, அவர் ஒரு கோச்சாகக்கூட இருக்கலாம்!