கோணக் குறிப்புக்கோடு
கணினி வரைபடத்தில் சாய்ந்த கோடு ஒன்றின் கோணத்தை அளவிட்டுக் காட்ட இரண்டாவது கோடு இல்லாதபோது, அதன் முனையிலிருந்து கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ வரையப்படும் துணைக்கோடு கோணக் குறிப்புக்கோடு எனப்படும். இதை அச்சில் வராத தனி அடுக்கில் வைப்பது நல்லது. ஆட்டோகேடு மென்பொருள் இயல்பாகக் கிழக்கைச் சுழியமாகக் கொண்டு இடஞ்சுழியாக எண்ணுவதாலும், நில அளவையில் திசைக்கோணம் பெரும்பாலும் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுவதாலும், தாம்பரம் பகுதி மனையொன்றின் எல்லையை வரைபவர் எந்தக் கோட்டிலிருந்து அளந்தார் என்பதைக் காட்டாவிடில் மனையே திசைமாறிவிடும்.

இத்தகைய அடிப்படைக் கோட்டின் அருமையை இப்பகுதி முன்பே கண்டது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். கோணங்கள் முக்கோணத்தின் வடிவத்தை மட்டுமே தரும் என்பதால், இந்திய முக்கோணவியல் அளவையின் தொடக்க முக்கோணங்கள் இக்கோட்டிலிருந்தே நீளம் பெற்றன.